கீழ் வீட்டு அக்காவுக்கு ஒரு டவுட்டு

முதலில் குரல்தான் வரும், ஆள் பிறகுதான் வருவார். "மக்ளே, ஒரு டவுட்டு!" என்று கீழ் வீட்டு அக்கா தன் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். எங்கள் டெல்லி ஜனக்புரி அடுக்குமாடி வீடுகள் பழைய காலத்துக் கட்டுமானம். கீழே ஒருவர் தும்மினால் மேலே ஒருவர் கதவைத் திறந்து பார்ப்பார். ஆகவே அக்காவின் டவுட்டு என்னிடம் வந்து சேர்வதற்குள் எதிர் வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டிக்கும் அது போய்ச் சேர்ந்திருக்கும். அவருக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் அதுதான். அது தமிழ்ச் சொல் என்றே நம்பிக்கொண்டிருந்தார். "லோ, டவுட்டு ஆ கயா", டவுட்டு வந்துவிட்டது, என்று சிரித்தபடி தன் கதவைத் திறந்து வைத்துக்கொள்வார், என்ன வேடிக்கை என்று பார்க்க.

குளிர்காலமானால் நைட்டிக்கு மேல் அவர் கணவர் அண்ணாச்சியின் பழைய ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், அந்த சாக்ஸோடு ரப்பர் செருப்பு. இப்படித்தான் படியேறி வருவார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். அண்ணாச்சிக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. முப்பது வருடத்துக்கு மேல் டெல்லியில் இருந்தும் அக்காவின் தமிழ் அந்த ஊர்த் தமிழாகவே இருந்தது. இடையிடையே மட்டும் ஹிந்தியின் அச்சா, ஜல்தி, பையா எல்லாம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

என் கணவர் டெல்லியிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழில் நாலு வரி படிக்கச் சொன்னால் வியர்த்துவிடும், ஆங்கிலத்தில் மட்டும் யார் வாயைத் திறந்தாலும் திருத்துவார். ஒருநாள் அக்காவையும் பிடித்துக்கொண்டார். "டவுட்னா நம்பிக்கை இல்லைன்னு அர்த்தம் அக்கா. நீங்க கேக்கறது கேள்வி. வெளிநாட்டுல போயி ஐ ஹேவ் எ டவுட்னு சொன்னா, நம்மள சந்தேகப்படறாங்களோன்னு மிரண்டு போயிடுவாங்க."

வேறு யாராக இருந்தாலும் முகம் சுண்டியிருக்கும். அக்காவுக்கோ கண் விரிந்தது.

"அப்படியா! இத்தன வருசமா தெரியாமப் போச்சே! நம்ம ஊர்ல வாத்தியார் பாடம் முடிச்சதும் எனி டவுட்ஸ்னுதான கேப்பாவ? அப்போ அவியளுக்கும் தெரியாதா? செரி, அதுல எனக்கு இன்னொரு டவுட்டு..."

என் கணவர் எழுந்து குளிக்கப் போய்விட்டார்.

இதுதான் அக்கா. தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத ஒரு மனுஷியை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. டெல்லி அப்படிப்பட்ட ஊர் இல்லை. இங்கே எல்லாருக்கும் எல்லாம் தெரியும். தெரியாவிட்டாலும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட வேண்டும். நானும் அப்படி ஆட்டுகிறவள்தான். அக்கா மட்டும், ஒரு விஷயத்தைத் தாமதமாகத் தெரிந்துகொண்டால் அதைக் கொண்டாடுவார். இது வாய் வார்த்தை இல்லை. நெய் ஊற்றி, முந்திரி வறுத்துப் போட்டு, கேசரி கிண்டி, எவர்சில்வர் டப்பாவில் அடைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார்.

அந்த வழக்கமே ஒரு ரவையில்தான் தொடங்கியது. அண்ணாச்சிக்குச் சர்க்கரை வந்தபோது டாக்டர் அரிசியைக் குறைக்கச் சொன்னார். சப்பாத்தியைக் கண்டாலே அண்ணாச்சிக்கு ஆகாது. கோதுமையும் இல்லை, அரிசியும் இல்லை, இது தனித் தானியம், என்று சொல்லி அக்கா அவருக்குப் பல வருடம் ரவை உப்புமாவாகப் போட்டிருக்கிறார். ஒருநாள் மளிகைக் கடையில் சும்மா இருக்க முடியாமல், "பையா, சூஜி எந்தச் செடியில வெளையுது?" என்று ரவையைக் காட்டி ஹிந்தியில் கேட்டிருக்கிறார். கடைக்காரர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கேஹூங் ஸே ஆன்ட்டிஜி, ஔர் கிஸ்ஸே?" என்றாராம்.

அக்கா படியேறி வந்த வேகத்தில் எனக்குப் பயமாகிவிட்டது, யாருக்கு என்னவோ என்று.

"மக்ளே, ரவை கோதுமையாக்கும்! உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. ஆனால் தலையை ஆட்டினேன்.

"ரவையும் கோதும, மைதாவும் கோதும, ஆட்டாவும் கோதும. ஒரே வீட்டு ஆளுவள இத்தன நாளா வேற வேற ஆளுன்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன் பாரு!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அன்று மாலை கட்டிடம் முழுக்கக் கேசரி. கையில் டப்பாவைக் கொடுக்கும்போது காரணத்தையும் கூடவே கொடுத்தார். பஞ்சாபி ஆன்ட்டிக்கு ஒன்றும் விளங்கவில்லை. யாருக்குப் பிறந்தநாள் என்று என்னிடம் கேட்டார்.

அண்ணாச்சி இதற்கு நேர் எதிர். எதைச் சொன்னாலும் "எனக்குத் தெரியும்" என்பார். கேசரியை வாயில் போட்டுக்கொண்டே, "ரவ கோதுமைன்னு எனக்கு அப்பமே தெரியும்" என்றார். பின்னே ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்றால் பேப்பரை எடுத்துப் பிரித்துக்கொள்வார். ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு ஒரு கார் வாங்கினார். பெட்ரோல் பங்க்குக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பேருக்கும் சண்டை. டாங்க் மூடி வலது பக்கமா இடது பக்கமா என்று ஒருபோதும் நினைவு நிற்காது. தவறான பக்கம் நிறுத்தி, திருப்பி, பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்து, ஒரே அமர்க்களம். அக்காதான் ஒருநாள் பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அம்புக்குறி இருப்பதைப் பார்த்து, பங்க்கில் இருந்த பையாவிடம் கேட்டுவிட்டார். மூடி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் அது காட்டும் என்று அவன் சொல்ல, அக்கா வண்டிக்குள்ளேயே கை தட்டினாராம்.

"எனக்குத் தெரியும்" என்றார் அண்ணாச்சி.

"தெரிஞ்சுதான் போன வாரம் ரெண்டு தடவ திருப்பினியளா?" என்று அக்கா கேட்டதையும் அக்காவே வந்து சொல்லி, கேசரியும் கொடுத்துவிட்டுப் போனார்.

ஆங்கிலத்தில் அக்காவுக்கு இருந்த ஆர்வம் தனி. பேச வேண்டும் என்றல்ல, எந்த ஊரில் எதை எப்படிச் சொல்கிறார்கள் என்று பார்ப்பதில். புதிதாக வந்த காலத்தில் காய்காரரிடம் "கவர் இருக்கா" என்று கேட்டாராம், நம் ஊர் வழக்கப்படி. அவர் தபால் ஆபீஸுக்கு வழி காட்டியிருக்கிறார். பிறகு அவரே ஒரு பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் காட்டி, "பன்னி சாஹியே?" என்று கேட்க, பன்றி வேண்டுமா என்கிறார் என்று அக்கா கூடையைப் போட்டுவிட்டு வந்துவிட்டார். நம் ஊரில் கரண்ட் போகும், இங்கே லைட் போகும். நம் ஊரில் முதல் பேச்சிலேயே நேட்டிவ் எது என்பார்கள், இங்கே ஆப் பேஸிக்கலி கஹாங் ஸே ஹைங் என்பார்கள். "ஒரே இங்கிலீஷ்தான் மக்ளே, தண்ணி மாறுகப்போ ருசி மாறும்லா" என்பார். மகன் கனடாவுக்குப் போன புதிதில், அப்பா எங்கே என்று அவன் போனில் கேட்க, அவிய அவுட் ஆஃப் ஸ்டேஷன் என்று இவர் சொல்ல, பக்கத்திலிருந்த அவனுடைய நண்பர்கள் சிரித்துவிட்டார்களாம். அங்கே யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள் என்றானாம். மகன் கொஞ்சம் கூச்சப்பட்டான் என்று எனக்குப் பட்டது. அக்காவுக்கு அது படவே இல்லை. வெள்ளைக்காரன் விட்டுவிட்டுப் போன சொல்லை அவனே மறந்துவிட்டான், நாம் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்று அதற்கும் ஒரு கேசரி.

ஒருநாள் அக்கா என் லாப்டாப்பைத் துடைத்துக் கொடுக்கும்போது எஃப், ஜே எழுத்துகளின் மேல் சின்னதாக ஒரு மேடு தட்டுப்பட்டிருக்கிறது. "இது ரெண்டுல மட்டும் எதுக்கு மக்ளே ஒரு பொட்டு?" என்றார். வருடக்கணக்காக அந்த விசைகளை அடித்துத்தான் சம்பளம் வாங்கியிருக்கிறேன், அங்கே பொட்டு இருப்பதையே நான் கவனித்ததில்லை. வழக்கம்போலத் தலையை ஆட்டப் போனேன், ஏனோ அன்று முடியவில்லை. "தெரியலக்கா" என்றேன். எவ்வளவு லேசாக இருந்தது தெரியுமா! இரண்டு பேருமாகத் தேடி, பார்க்காமல் அடிக்க விரலுக்கு அடையாளம் என்று கண்டுபிடித்தோம். அன்று கேசரி என் வீட்டில் கிண்டினேன்.

அப்படிப்பட்ட வீட்டில்தான் அது வந்தது.

அண்ணாச்சிக்கு வயிற்றில் வலி, சாப்பாடு இறங்கவில்லை, மெலிந்துகொண்டே போனார். கனடாவிலிருந்து மகன் வந்தான். பெரிய ஆஸ்பத்திரியில் எல்லாச் சோதனையும் எடுத்தார்கள். நம் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு, நோய் சின்னதாக இருந்தால் தமிழில் பேசுவோம், பெரிதாக இருந்தால் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவோம். டெல்லியில் ஹிந்தியில் ரகசியம் பேச முடியாது, காய்கறி வாங்கி வாங்கி அம்மாக்கள் எல்லாரும் ஹிந்தியில் கெட்டி. ஆகவே டாக்டரும் மகனும் அண்ணாச்சியும் ஆங்கிலத்தில் பேசினார்கள். அக்கா பக்கத்தில் ஃபிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் துணைக்குப் போயிருந்தேன். ஈரல் வரைக்கும் பரவிவிட்டது, இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்பது அந்தப் பேச்சின் சாரம். கடைசியாக அண்ணாச்சி மகனிடம், இதுவும் ஆங்கிலத்தில், "உன் அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். அவள் தாங்க மாட்டாள்" என்றார்.

படியில் இறங்கும்போது மகன் என்னிடம், "ஆன்ட்டி, அம்மாகிட்ட அல்சர்னு சொல்லியிருக்கோம். ப்ளீஸ்" என்றான். எனக்கு அவன் மேல் கோபம் கோபமாக வந்தது. முப்பது வருடம் எதிரில் வருகிற ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லையும் நிறுத்தி விசாரித்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ரகசியம் பேசுகிறார்களாம். ஆனால் அக்கா ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டாக்டரிடம் கேட்கவில்லை, டாக்ஸியில் கேட்கவில்லை, வீட்டுக்கு வந்தும் கேட்கவில்லை. ஒருவேளை நிஜமாகவே புரியவில்லையோ என்றுகூட நினைத்தேன்.

மகன் விடுப்பு முடிந்து, மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினான். அதற்கு இரண்டொரு நாள் கழித்து, காலை வேளை. அப்போது நான் வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். படியில் குரல் கேட்கவில்லை. கதவை மெல்லத் தட்டும் சத்தம்தான் கேட்டது. திறந்தால் அக்கா.

"மக்ளே, ஒரு டவுட்டு" என்றார், ரகசியம் போல.

"உள்ள வாங்கக்கா."

"சத்தம் கேக்காம அழணும்னா இந்தக் கட்டிடத்துல எங்க போயி அழுறது?"

அக்கா நிதானமாகச் சொன்னார், இடம் இடமாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். "பாத்ரூமுக்க ஜன்னல் அவிய படுத்திருக்க ரூமு பக்கமாக்கும். பால்கனியில நின்னா எதுத்த வீட்டுக்காரி பாப்பா. மொட்ட மாடியில எப்பவும் துணி காயப்போட ஆளு இருக்கு. பார்க்குல வாக்கிங் போறவங்க. எங்க போவேன் சொல்லு."

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"தெரியாம? ஒரே ஒரு வார்த்தைதான் தெரியாம இருந்துது. பாலியேட்டிவ்னு டாக்டர் சொன்னாருல்லா, அது. வெளிய ஒரு மலையாளத்து சிஸ்டர் நின்னா. நமக்குத்தான் பாதி மலையாளம் வருமே, அவகிட்ட கேட்டேன். எனக்க கையப் பிடிச்சுட்டு, இனி வலிய மட்டும் கொறைக்கதாக்கும்னு சொன்னா, பாவம்."

"அண்ணாச்சிகிட்ட சொல்லிருங்களேன், தெரியும்னு."

"ஐயோ, வேண்டாம். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுட்டாக்கும் அவிய தைரியமா இருக்காவ. எனக்கு முன்னால சிரிக்காவ, பேப்பர் படிச்சுச் சொல்லுதாவ. நான் அழுறத அவிய கேட்டாவன்னா அந்தத் தைரியம் போயிரும் மக்ளே. இருக்குற நாளு மட்டும் அது போகப்படாது."

எங்கள் இரண்டு சமையலறைகளும் மேலும் கீழுமாக, காற்று வர மாடி முதல் தரை வரை விட்ட ஒரே காற்றுக்கூண்டைப் பார்த்து இருப்பவை. இங்கே அழுதாலும் அங்கே கேட்கும். அக்கா ஸ்வெட்டர் கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். எனக்கு என்ன தோன்றியதோ, கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போய் மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் ஒன்றும் இல்லை, சும்மாவே சுற்றியது. அந்த இரைச்சலில் அக்கா மேடையில் தலையை வைத்துக்கொண்டு அழுதார். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை, அன்றும் மிக்ஸியால் பாதிதான் கேட்டேன். முதுகைத் தடவிக்கொண்டே நின்றேன். வேறு என்ன செய்ய எனக்குத் தெரியும்?

அதன் பிறகு தினமும் பதினொரு மணிவாக்கில் வந்தார். "மேல தேங்கா அரைக்கணுமாம், கூட நிக்கப் போறேன்" என்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு வருவார். வெறும் மிக்ஸி ஓடினால் கெட்டுவிடும் என்பதால் தேங்காய், பொட்டுக்கடலை, மல்லித்தழை என்று ஏதாவது போட்டு வைப்பேன். அலுவலகக் கூட்டம் நடுவில் இருந்தால், மைக்கை அணைத்துவிட்டு ஓடுவேன். இரண்டு மூன்று நாள் அணைக்க மறந்து, என் மேலதிகாரி, "இன்னிக்கும் சட்னியா?" என்று கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அரைத்து முடியும்போது அக்காவும் முடித்துவிடுவார். முகத்தைக் கழுவி, ஸ்வெட்டர் கையால் துடைத்துக்கொண்டு, "உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு" என்று சட்னியைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு கீழே போவார். அந்தக் குளிர்காலம் முழுக்க எங்கள் வீட்டில் மூன்று வேளையும் சட்னி. என் கணவர்கூட ஒரு வார்த்தை திருத்தம் சொல்லாமல் சாப்பிட்டார், அவரிடம் சொல்லியிருந்தேன்.

அந்த நாட்களில் டவுட்டு ஒன்றும் வரவில்லை. கேசரியும் வரவில்லை. ஒரு கேள்வியைப் பத்து நிமிடம் வைத்திருக்க முடியாதவர், இவ்வளவு பெரிய விஷயத்தை மாதக்கணக்கில் வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்.

பிறகு ஒருநாள் அவர் வரவில்லை. மறுநாளும் இல்லை. தேங்காயைத் துருவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சிக்கு முடியவில்லையோ என்று பதறிக் கீழே போனேன். அக்காவே கதவைத் திறந்தார். அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒண்ணுமில்ல மக்ளே. இங்க வேல கெடக்கு" என்றார் அக்கா.

அவ்வளவுதான். எனக்கு உள்ளூர வருத்தமாக இருந்தது, மறைத்து என்ன? அவருக்கு நான் வேண்டாதவளாகிவிட்டேனோ என்று நினைத்துக்கொண்டேன். பிப்ரவரி முடிவதற்குள் அண்ணாச்சி போய்விட்டார். மகன் வந்தான், காரியங்கள் முடிந்தன. வீட்டுச் சாமான்களைக் கொடுப்பதைக் கொடுத்து, விற்பதை விற்று, அம்மாவைக் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். எல்லாம் ஒரே ஓட்டமாக நடந்தது. உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேச வாய்க்கவில்லை.

இப்போது கீழ் வீட்டில் இருப்பவர்கள் நல்ல மாதிரி. படியில் பார்த்தால் குட் மார்னிங் சொல்வார்கள். பஞ்சாபி ஆன்ட்டி எப்போதாவது, "டவுட்டு கைசீ ஹை?" என்று அக்காவை விசாரிப்பார். எனக்கு இப்போதும் எத்தனையோ விஷயம் தாமதமாகத் தெரிய வருகிறது. ஜவ்வரிசி அரிசி இல்லை, மரவள்ளிக் கிழங்கு மாவு என்று போன மாதம்தான் தெரிந்தது. யாரிடம் சொல்வது? கடாயை அடுப்பில் வைத்து, ரவையை எடுத்து, பிறகு அப்படியே திருப்பி வைத்துவிட்டேன். எனக்கு அக்கா வேண்டும். அந்தக் குரல் ஒருமுறை படியேறி வந்தால் போதும் என்று இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். அங்கே பனி பெய்கிறதாம். பேத்திக்கு அவுட் ஆஃப் ஸ்டேஷன் சொல்லிக் கொடுத்து, அவள் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்லி, டீச்சருக்கும் பிடித்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே பேசினோம். அந்தத் தைரியத்தில் நான் கேட்டுவிட்டேன். அதுவரை என்னால் கேட்க முடியாத கேள்வி அது.

"கடைசியில ஏன்க்கா நீங்க வரல? நான் தினம் தேங்காயத் துருவி வச்சுக்கிட்டுக் காத்திருந்தேன்."

அக்கா போனோடு வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"அவிய ஒருநாள் கேட்டாவ மக்ளே. ‘தெனமும் மேல போயி என்னத்தயாக்கும் அரைக்க?’ன்னு. கல்யாணம் ஆன நாள்லேருந்து எங்கிட்ட ஒரு விசயம் தெரியாதுன்னு கேட்டது அன்னைக்கித்தான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சட்னின்னு சொன்னேன். எனக்க வீங்கின கண்ணையே பாத்துட்டு இருந்தாவ. பொறவு, ‘இனிமே மேல போகாண்டாம். இங்கினயே அரை, நானும் கூட இருக்கேன்லா’ன்னு சொன்னாவ."

பேத்தி எதற்கோ கூப்பிட்டாள். பிறகு பேசுகிறேன் என்று அக்கா வைத்துவிட்டார். நான் சமையலறையில் நின்றுகொண்டே அந்தக் கடைசி நாட்களை நினைத்துப் பார்த்தேன். காற்றுக்கூண்டு வழியாகக் கீழே குழாய் திறக்கிற சத்தம் கேட்டிருக்கிறது. குக்கர் விசில் கேட்டிருக்கிறது. அண்ணாச்சியின் இருமல் கேட்டிருக்கிறது. மிக்ஸி சத்தம் ஒருநாளும் கேட்கவில்லை.